டீச்சரைக் கேளுங்க: பி.எட். ட்ரெயினிங், மலை ஸ்கூல், கைடு டீச்சர் கையெழுத்து

போன இதழ்ல "பி.எட். ட்ரெயினிங்குக்கு வர்ற பசங்களால ஸ்கூலுக்கு லாபமா, நஷ்டமா"ன்னு ஒத்தை வரி கேட்டு வச்சேன். அவ்ளோதான், கோத்தகிரி, கூடலூர், குன்னூர், கொடைக்கானல் மேல்மலைன்னு மலைப்பக்கத்துல இருந்தே தபாலும் வாட்ஸ்அப்புமா குவிஞ்சிருச்சு. கீழ இருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க, இந்தத் தடவை முழுக்க மலைக்காரங்களுக்குத்தான். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால யாருக்குமே போடல.

கோத்தகிரியில இருந்து ஒரு மாணவி

கேள்வி: டீச்சர், நான் பி.எட். ரெண்டாம் வருஷம், மேத்ஸ். எங்க ஊர்ப் பக்கமே ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூல்ல 16 வாரம் இன்டர்ன்ஷிப். ஸ்கூலுக்குப் போன முதல் நாள்ல இருந்தே, லீவு போட்ட டீச்சரோட கிளாசைப் பாத்துக்கிறது, எமிஸ்ல (ஸ்கூல் விவரம் ஏத்துற கவர்மென்ட் ஆன்லைன் தளம்) என்ட்ரி போடுறது, நோட்டு திருத்துறது, இதான் வேலை. என்னை வழிநடத்த ஸ்கூல்ல ஒதுக்கின கைடு டீச்சர் ரொம்ப நல்லவங்க, ஆனா லெசன் பிளானைப் பிரிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்து போட்டுக் குடுத்துடுறாங்க. நான் எதைத்தான் கத்துக்கிறது?

பதில்: உன் கைடு டீச்சர் மேல கோவப்படாதம்மா, அவங்க நிலைமைய முதல்ல சொல்லிடுறேன். முன்னாடி பி.எட். ஒரே வருஷம்தான், டீச்சிங் பிராக்டிஸ்னா கொஞ்ச வாரம் போய்ட்டு வர்றது. இது பத்தாதுன்னு நீதிபதி வர்மா கமிஷன் 2012ல ரிப்போர்ட் குடுத்துச்சு, டீச்சர் படிப்புக்கு விதி போடுற தேசிய அமைப்பான என்.சி.டி.இ. 2014ல புது விதிமுறை கொண்டு வந்துச்சு, 2015-16ல இருந்து பி.எட். ரெண்டு வருஷம் ஆச்சு. மொத்தம் 20 வாரம் ஸ்கூல்ல இருக்கணும், முதல் வருஷம் 4, ரெண்டாம் வருஷம் 16. ட்ரெயினி வந்து பாடம் நடத்திட்டு ஓடுற விருந்தாளியா இல்லாம ஸ்டாஃப்ல ஒரு ஆளா வாழ்ந்து பாக்கணும்ங்கிறதுதான் இதுக்குப் பின்னாடி இருந்த யோசனை, நல்ல யோசனைதான். ஆனா உனக்கு 16 வாரம் ஒதுக்கினவங்க உன் கைடு டீச்சருக்கு வாரத்துக்கு ஒரு பீரியடைக்கூடக் குறைக்கல. அவங்க பீரியட் அப்படியே இருக்கு, எமிஸ் இருக்கு, பத்தாவது ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, அதுக்கு மேல நீ. உன்னை உக்கார வச்சுப் பேசுறதுக்கு அவங்களுக்கு டைம் டேபிள்ல இடமே இல்ல. அதான் கையெழுத்து மட்டும் வருது.

இப்ப நீ என்ன பண்ணலாம்னா, "எனக்குச் சொல்லிக் குடுங்க"ன்னு கேக்காத, அது அவங்களுக்கு இன்னொரு வேலை. "உங்க கிளாஸ்ல பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கட்டுமா மிஸ்"னு கேளு. வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உக்காந்து டீச்சரைப் பாக்காத, பசங்களைப் பாரு. ஒரு மூணு பேரைப் பிடிச்சுக்கோ, நல்லாப் படிக்கிற ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வாயே திறக்காத ஒண்ணு, அந்த பீரியட் முழுக்க அவங்க மூணு பேரும் என்ன பண்ணாங்கன்னு எழுது.

நான் அப்படி உக்காந்து பாத்த ஒண்ணைச் சொல்றேன். ஏழாம் கிளாஸ், பின்னக் கூட்டல். ஒரு பையன் போர்டுல 1/2 + 1/3 = 2/5ன்னு போட்டான், மேல இருக்கிறதைக் கூட்டி, கீழ இருக்கிறதைக் கூட்டி. ட்ரெயினி யாராச்சும் இருந்தா உடனே "தப்பு, எல்.சி.எம். எடு"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. அந்த டீச்சர் தப்புன்னே சொல்லல. "டேய், உன் கையில அரை வர்க்கி இருக்கு, நான் இன்னும் மூணுல ஒரு பங்கு வர்க்கி தர்றேன், இப்ப உன்கிட்ட இருக்கிறது அரையை விட ஜாஸ்தியா கம்மியா?" "ஜாஸ்தி மிஸ்." "சரி, அஞ்சுல ரெண்டு பங்கு, அது அரையை விட ஜாஸ்தியா?" பையன் ஒரு கட்டம் போட்டான், அஞ்சாப் பிரிச்சான், ரெண்டை அடிச்சான், நின்னான், அப்புறம் அவனே டஸ்டரை எடுத்தான். அதுக்கப்புறம்தான் எல்.சி.எம். வந்துச்சு. அவனுக்கே அது தேவைப்பட்ட நேரத்துல வந்துச்சு. இதை எந்த மெத்தட்ஸ் புக்லயும் இவ்ளோ சீக்கிரம் பாக்க முடியாது. கிளாஸ் முடிஞ்சு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்து போறப்ப "மிஸ், ஏன் உடனே தப்புன்னு சொல்லல?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. பத்து நிமிஷம் பேசுவாங்க பாரு. கையெழுத்து போடுற டீச்சருக்குள்ள இருக்கிற நிஜ டீச்சர் வெளிய வர்றது அந்த நடைல தான்.

லீவு போட்ட டீச்சர் கிளாஸுக்குப் போறது, அதுல கொஞ்சம் கத்துக்கலாம், இல்லைன்னு சொல்லல. ஆனா நாள் பூரா அதேதான்னா உன் காலேஜ் சூப்பர்வைசர்கிட்ட சொல்லு, ஸ்கூலைக் குறை சொல்ற மாதிரி இல்லாம "எனக்கு மேத்ஸ் பீரியட் இவ்ளோதான் கிடைச்சிருக்கு"ன்னு எழுதி வச்ச கணக்கைக் காட்டு. கணக்கு டீச்சர் ஆகப் போறவதானே.

வெலிங்டன்ல இருந்து ஒரு அம்மா

கேள்வி: என் பொண்ணு எட்டாவது. சயின்ஸுக்கு ஜூலைல இருந்து ட்ரெயினிங் மிஸ்தான் வர்றாங்க. பொண்ணுக்கு அவங்களை ரொம்பப் பிடிக்குது, சார்ட் எல்லாம் கொண்டு வர்றாங்களாம், ஆனா பாடம் நகர மாட்டேங்குது. எங்க பிள்ளைங்க என்ன டெஸ்ட் பண்ற எலியா?

பதில்: நியாயமான கேள்வி, ஸ்கூல்ல போய்க் கேக்கலாம், தப்பே இல்ல. ஆனா "ட்ரெயினியை எடுத்துடுங்க"ன்னு கேக்காதீங்க. "ட்ரெயினி நடத்துறப்ப ரெகுலர் டீச்சர் கிளாஸுக்குள்ள இருக்காங்களா?"ன்னு கேளுங்க. முக்கியமானது அது ஒண்ணுதான். ரெண்டு பேரும் உள்ள இருந்தா உங்க பொண்ணுக்கு லாபம், ஒரு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர் எந்த ஸ்கூல்ல கிடைக்குது, ஒருத்தர் போர்டுல இருந்தா இன்னொருத்தர் பின்னாடி சுத்தி வந்து யாருக்குப் புரியலைன்னு பாக்கலாம். ரெகுலர் டீச்சர் "அப்பாடா"ன்னு ஸ்டாஃப் ரூம்ல உக்காந்துட்டா அப்பதான் நீங்க சொல்ற எலி கதை. பத்தாவது, பன்னெண்டாவதுக்கு ட்ரெயினியைப் பெரும்பாலும் விடுறதே இல்ல, அதனால மொத்த சுமையும் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் விழுது, அதுவும் நிஜம்.

உங்க பொண்ணுக்குப் பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதையும் ஹெச்.எம். கிட்ட சொல்லுங்க. ட்ரெயினிங்குக்கு வர்ற பிள்ளைங்க காதுக்கு நல்ல வார்த்தை போறதே அபூர்வம்.

கொடைக்கானல் மேல்மலையில இருந்து ஒரு ஹெச்.எம்.

கேள்வி: வணக்கம் டீச்சர். மன்னவனூர் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி என்னோடது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்கூலுக்கெல்லாம் வருஷா வருஷம் ட்ரெயினிங் டீச்சர்ஸ் வர்றாங்க, எங்களை எந்தக் காலேஜும் எட்டிப் பாக்கல. நாங்களா கேட்டா கிடைக்குமா? கிடைச்சா உபயோகமா, இல்ல எனக்கு இன்னொரு தலைவலியா?

பதில்: சார், உங்க ஸ்கூலுக்கு ஏன் வரலைன்னு உங்களுக்கே தெரியும். காலைல பஸ்ஸை விட்டா அடுத்த பஸ் எப்பன்னு இருக்கு, மேல தங்க இடம் இல்ல, காலேஜ்ல இருந்து சூப்பர்வைசர் வந்து பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு நாள் முடிஞ்சிடும், அதுக்குப் படி யாரு குடுக்குறது. இதெல்லாம் காரணம்தான். இதுக்கு மேல யாரும் வெளிய சொல்லாத காரணம் ஒண்ணு இருக்கு. உங்க ஸ்கூல் மாதிரி இடத்துல பாடம் நடத்துறது எப்படின்னு அந்தக் காலேஜ்லயே யாருக்கும் தெரியாது. ஒரு ரூம்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு கிளாஸ் உக்காந்திருக்கும், ஒரு டீச்சர் இருப்பாங்க, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்புறம் அதுக்குள்ளயே அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை வேற. லெசன் பிளான் ஃபார்மெட்ல பாத்தா ஒரு கிளாஸ், ஒரு பாடம், 45 நிமிஷம்னுதான் கட்டம் இருக்கு. அந்தக் கட்டத்துல உங்க ரூம் அடங்காது. அப்ப இங்க யாரு யாருக்குச் சொல்லித் தரணும்? நீங்கதான் காலேஜுக்குச் சொல்லித் தரணும்.

சட்டப்படி ஒண்ணு கவனிங்க. பி.எட். ஆறாம் கிளாஸ்ல இருந்து மேலதான். ஆரம்ப வகுப்புக்கு பி.எட். செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2023 ஆகஸ்ட்ல சொல்லிடுச்சு. அதனால உங்க ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டயட்ல (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) டி.எல்.எட்.னு ஆரம்ப வகுப்பு டீச்சர் படிப்பு படிக்கிறவங்களைக் கேக்கணும், ஆறுல இருந்து எட்டுக்கு பி.எட். காலேஜைக் கேக்கணும், ரெண்டும் ரெண்டு வாசல். பி.எட். ட்ரெயினிக்கு அவங்க சப்ஜெக்ட்லயே கைடு வேணும், உங்க ஸ்டாஃப் பலத்துக்கு எல்லா சப்ஜெக்ட்டுக்கும் ஆள் இருக்காது, அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

என் யோசனை என்னன்னா, 16 வாரத்தைக் கேக்காதீங்க. முதல் வருஷத்துல 4 வாரம் இருக்கே, ஸ்கூலைப் பாத்துப் புரிஞ்சுக்கிற வாரம், அதுல ஒரு ரெண்டு வாரத்தை உங்களுக்குக் கேளுங்க. தனியா ஒருத்தரை வேணாம், ரெண்டு ரெண்டு பேரா. கொடைக்கானல்லயே அட்டுவம்பட்டியில அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984ல இருந்து இருக்கு, உங்க மலைலயே ஒரு யுனிவர்சிட்டி, தமிழ்நாட்டுல எத்தனை மேல்மலை ஸ்கூலுக்கு அந்தக் குடுப்பினை இருக்கு, அங்க நேர்ல போய்ப் பேசுங்க. பேசிட்டு லெட்டரை சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் வழியா அனுப்புங்க, அனுமதி அங்க இருந்துதான் வரணும்.

தலைவலியான்னு கேட்டீங்க. முதல் வாரம் தலைவலிதான். ஆனா பூண்டு எடுக்கிற சீசன்ல, கேரட் சீசன்ல பாதிப் பிள்ளைங்க வராம, திரும்பி வர்றப்ப எல்லாத்தையும் மறந்துட்டு வருமே, அந்த நேரத்துக்கு ரெண்டு ட்ரெயினியைக் கேட்டு வாங்கினீங்கன்னா, விட்டுப்போன பிள்ளைங்களைத் தனியா உக்கார வச்சுப் படிக்க வைக்க ஆள் கிடைச்ச மாதிரி. தேதியை நீங்க சொல்லுங்க, காலேஜ் சொல்ற தேதிக்குத் தலையாட்டாதீங்க.

கூடலூர்ல இருந்து ஒரு கைடு டீச்சர்

கேள்வி: எனக்கு இந்த வருஷம் ஒரு ட்ரெயினி. நல்ல பொண்ணு. நான் ஒரு மாதிரி சொல்லிக் குடுத்து வச்சிருந்தேன். காலேஜ்ல இருந்து லெக்சரர் வந்தாரு, ஒரே ஒரு பீரியட் பாத்தாரு, "செட் இன்டக்ஷன் எங்க, பிளாக்போர்டு சம்மரி எங்க, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பத்தல"ன்னு, அதாவது பாடத்துக்குள்ள இழுக்கிற ஆரம்பம் எங்க, போர்டுல சுருக்கம் எங்க, பசங்களைப் பாராட்டி ஊக்கப்படுத்துறது பத்தலைன்னு, பொண்ணை எல்லார் முன்னாடியும் கேட்டாரு. பசங்க ரெஸ்பான்ஸ் கம்மின்னு மார்க்கையும் குறைச்சிட்டாரு. நான் சொன்னது தப்பா, அவர் சொன்னது தப்பா? அந்தப் பொண்ணு யார் பேச்சைக் கேக்கணும்?

பதில்: எல்லார் முன்னாடியும் கேட்டது தப்பு, அதுல ரெண்டு பேச்சே இல்ல. பிள்ளைங்க பாக்க ஒரு டீச்சரைச் சின்னதாக்கிட்டுப் போறவருக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பத்திப் பேச என்ன இருக்கு.

அவர் கேட்ட செட் இன்டக்ஷன் எல்லாம் மைக்ரோ டீச்சிங்ல இருந்து வர்றது. 1963 வாக்குல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சாங்க. அஞ்சு பத்து நிமிஷம், நாலஞ்சு பசங்க, ஒரே ஒரு திறமையை மட்டும் எடுத்துப் பழகுறது, பாத்துட்டு மறுபடி நடத்துறது. பழகுற வரைக்கும் அருமையான விஷயம். நம்ம காலேஜ்கள்ல நிஜப் பசங்களுக்குப் பதிலா கூடப் படிக்கிறவங்களே பசங்களா நடிப்பாங்க, சமத்தா கை தூக்குவாங்க. அந்த லிஸ்ட்டை அப்படியே தூக்கிட்டு வந்து கூடலூர்ல நாப்பது நிமிஷ கிளாஸுக்கு டிக் போட்டா இப்படித்தான் ஆகும்.

ரெஸ்பான்ஸ் கம்மின்னாரே, அதைப் பேசலாம். உங்க கிளாஸ்ல பணியர் பிள்ளைங்க இருப்பாங்க, காட்டுநாயக்கர் பிள்ளைங்க இருப்பாங்க, வீட்ல மலையாளம் பேசுற பிள்ளை, கன்னடம் பேசுற பிள்ளை, சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து திரும்பி வந்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீடுகள்ல குடியேறினவங்களோட பேரப் பிள்ளைங்க, அவங்க தமிழே கொஞ்சம் வேற மாதிரி. பணியர் வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்டதும் வாயைத் திறக்கலைன்னா அது பாடம் புரியாததனாலன்னு வெளியூர்க்காரருக்குத் தோணும். அந்தப் பிள்ளை பக்கத்துல இருக்கிறவகிட்ட மெதுவா என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தமிழ்ல சொல்ற வரைக்கும் காத்திருக்கணுமா, இல்ல பக்கத்துப் பிள்ளை எடுத்துச் சொன்னா போதுமான்னு உங்களுக்குத் தெரியும். கூடலூர்ல வித்யோதயா ஸ்கூல்ல ஆதிவாசி இளைஞர்களையே டீச்சராப் பயிற்சி குடுத்துக் கொண்டு வந்தாங்களே, சும்மாவா. அந்த அறிவு எந்த லெக்சரர்கிட்டயும் இருக்காது, அது உங்ககிட்டதான் இருக்கு.

ஆனா ஒண்ணு, உங்களுக்கும் ஒரு கொட்டு வைக்கிறேன். அனுபவத்துல சொல்றது எல்லாமே சரியாயிடாது. "இந்தப் பசங்களுக்கு இவ்ளோதான் வரும்"னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றோமே, அதுவும் அனுபவத்துல இருந்து வர்றதுதான். அதைத் தட்டிக் கேக்கத்தான் வெளிய இருந்து ஒரு ஆள் வேணும். இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி 1987ல பக்கத்து ஸ்கூல்களோட சேர்ந்து ஒரு இன்டர்ன்ஷிப் ஸ்கீம் ஆரம்பிச்சாங்க, அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், காலேஜ்காரரும் ஸ்கூல்காரரும் ஒரே மாதிரி பேசணும்னு அவங்க எதிர்பாக்கவே இல்ல. ரெண்டு பேரும் வேற வேற சொல்லட்டும், காலேஜ் சொன்னது கிளாஸ்ல நிக்குதான்னு ட்ரெயினி பாக்கட்டும், கிளாஸ்ல நடக்கிறது ஏன் நடக்குதுன்னு காலேஜ்ல கேக்கட்டும், முடிவை அவங்க எடுக்கட்டும்னு விட்டாங்க. அப்புறம் 1992ல அங்க அரசாங்கமே ஹைஸ்கூல் டீச்சர் ட்ரெயினிங்ல 24 வாரம் ஸ்கூல்லதான்னு ஆக்கிடுச்சு, யுனிவர்சிட்டிகிட்ட இருந்து ஸ்கூலுக்குக் காசும் வந்து சேந்துச்சு. நம்மகிட்ட கைடு டீச்சருக்குக் காசும் கிடையாது, பீரியடும் குறையாது, மார்க்ல பேச்சும் கிடையாது, பேர் மட்டும் கைடு.

அந்தப் பொண்ணுகிட்ட இப்படிச் சொல்லுங்க: "சார் சொன்ன மாதிரி ஒரு கிளாஸ் நடத்து, நான் சொன்ன மாதிரி ஒண்ணு நடத்து, ரெண்டுலயும் எத்தனை பிள்ளைங்க வாயைத் திறந்துச்சுன்னு நானே எண்ணித் தர்றேன்." அந்தக் கணக்கை அடுத்த தடவை அவர் வர்றப்ப முன்னாடி வைங்க. சண்டையும் போட வேணாம், தலையும் ஆட்ட வேணாம்.

குன்னூர்ல இருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்

கேள்வி: ஃபின்லாந்துல யுனிவர்சிட்டியே ஸ்கூல் நடத்துதாமே, டீச்சர்ஸ் எல்லாம் அங்கதான் பழகுறாங்களாமே, நிஜமா? நம்ம நாட்டுல இதெல்லாம் எப்ப வரும்?

பதில்: நிஜம்தான் சார். அங்க டீச்சர் படிப்பை 1970கள்ல மொத்தமா யுனிவர்சிட்டிக்குள்ள கொண்டு போயிட்டாங்க, மாஸ்டர்ஸ் டிகிரி இல்லாம ரெகுலர் டீச்சர் ஆக முடியாது. யுனிவர்சிட்டிக்குச் சொந்தமா ட்ரெயினிங் ஸ்கூல்கள் இருக்கு, அங்க இருக்கிற டீச்சருக்குப் பசங்களுக்கு நடத்துறது பாதி வேலைன்னா, ட்ரெயினியை உருவாக்குறது மீதி வேலை. கைடு டீச்சருக்கு நேரமே இல்லைன்னு நான் மேல புலம்பினேனே, அந்த நேரம், அது அங்க சம்பளத்தோட குடுக்கிற நேரம்.

ஆனா "நம்ம நாட்டுல எப்ப வரும்"னு கேட்டீங்க பாருங்க, குன்னூர்ல இருந்து கூடலூர் வழியா மைசூருக்கு பஸ் ஏறிப் பாருங்க. மைசூர் யுனிவர்சிட்டி இருக்கிற மானசகங்கோத்ரி பக்கத்துல என்.சி.இ.ஆர்.டி.யோட ரீஜனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் எஜுகேஷன் 1963ல இருந்து இருக்கு, காம்பஸுக்குள்ளயே டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்கூல், நாலு வருஷ பி.எஸ்சி. எட். அப்பவே. தமிழ்நாடும் அந்த இன்ஸ்டிடியூட்டோட எல்லைக்குள்ளதான் வருது. இன்னும் பின்னாடி போகணும்னா 1789ல மெட்ராஸ் எழும்பூர்ல ராணுவத்து அனாதைப் பசங்க ஸ்கூலைப் பாத்துக்க வந்த ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார், நம்ம பக்கத்துப் பள்ளியில பசங்க மணல்ல எழுதிப் படிக்கிறதைப் பாத்துட்டு, பெரிய பசங்களை வச்சே சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க வச்சாரு. திண்ணைப் பள்ளியில சட்டாம்பிள்ளை பண்ண வேலைதான். அது "மெட்ராஸ் சிஸ்டம்"னு இங்கிலாந்து பூரா பரவுச்சு. அந்த ஸ்கூல் அப்புறம் 1870கள் வாக்குல மலையேறி நம்ம லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூலோட கலந்துடுச்சு, உங்க வீட்ல இருந்து கூப்பிடு தூரம். ஃபின்லாந்தைப் பாத்து ஏங்குறதுக்கு முன்னாடி இதையும் கொஞ்சம் பாத்துக்கலாம்னு சொல்றேன், மத்தபடி ஏங்குறது நியாயம்தான்.

பண்ணைக்காட்டுல இருந்து ஒரு ப்ளஸ் டூ மாணவர்

கேள்வி: டீச்சர் ஆகணும்னு ஆசை. டிகிரி முடிச்சிட்டு பி.எட். போகவா, நாலு வருஷ கோர்ஸுக்கே போகவா?

பதில்: நாலு வருஷ ஒருங்கிணைந்த கோர்ஸ், அதான் ஐ.டி.இ.பி.னு (ITEP) சொல்றாங்களே, 2023-24ல ஆரம்பிச்சது. 2030க்குள்ள டீச்சருக்குக் குறைஞ்சபட்சத் தகுதியே நாலு வருஷ பி.எட்.னு ஆகணும்னு 2020 தேசியக் கல்விக் கொள்கையில எழுதியிருக்காங்க, தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏத்துக்கல, இந்த இழுபறி எங்க போய் நிக்கும்னு பாத்துக்கிட்டு நீ உக்கார முடியாது. டீச்சர் ஆகணும்னு இப்பவே உறுதியா இருந்தா நாலு வருஷம் போ, ஒரு வருஷம் மிச்சம். கொஞ்சம் ஊசலாட்டம் இருந்தா டிகிரி படி தம்பி, பின்னாடி மனசு மாறினாலும் கையில ஒரு டிகிரி இருக்கும். எதுல போனாலும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதித்தான் ஆகணும், பொதுப் பிரிவுக்கு 150க்கு 90, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு மார்க்ல தளர்வு உண்டு.

காலேஜ் செலக்ட் பண்றப்ப பில்டிங்கைப் பாக்காத. "இன்டர்ன்ஷிப்புக்கு எந்த ஸ்கூலுக்கு அனுப்புவீங்க, 16 வாரத்துல காலேஜ்ல இருந்து எத்தனை தடவை வந்து பாப்பீங்க"ன்னு சீனியர்ஸைப் பிடிச்சுக் கேளு. "வரவே வேணாம், அட்டெண்டன்ஸ் பாத்துக்கலாம்"னு பதில் வந்தா அந்தக் கேட் பக்கமே போகாத.

கோயம்புத்தூர்ல வேலை, சொந்த ஊர் கூடலூர்னு ஒரு பி.எட். காலேஜ் லெக்சரர்

கேள்வி: எங்க மாணவர்கள்ல நிறைய பேர் நீலகிரிப் பசங்க, சொந்த ஊர் ஸ்கூல்லயே இன்டர்ன்ஷிப் பண்றாங்க. இந்த வருஷம் மேல ரெண்டு ஸ்கூலோட எம்.ஓ.யு. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டோம், பொன்னாடை போத்தி போட்டோவும் எடுத்தாச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: போட்டோவுக்கு அப்புறம் ஒண்ணும் நடக்கலைன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான், அதுக்கே ஒரு பொன்னாடை போடலாம்.

நம்ம தமிழ்நாட்டுல பி.எட். காலேஜ் எல்லாம் 2008ல வந்த ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோட இணைப்புல இருக்கு. சிலபஸும் பரீட்சையும் அங்க இருந்து வருது, ஸ்கூலுக்கும் யுனிவர்சிட்டிக்கும் நடுவுல நடக்கிறது ஒரு அனுமதிக் கடிதம், அவ்ளோதான். ஊட்டியில 2022ல மெடிக்கல் காலேஜ் திறந்தாங்களே, ஆஸ்பத்திரி இல்லாம அதை நினைச்சே பாக்க முடியாது. பி.எட். காலேஜுக்கு சொந்த ஸ்கூல் கட்டாயமில்ல, பக்கத்து ஸ்கூல்கள்ல சம்மதக் கடிதம் வாங்கி வச்சா போதும். அமெரிக்காவுல ஹோம்ஸ் குரூப்னு யுனிவர்சிட்டி டீன்கள் சேர்ந்து 1986ல இதே ஒப்பீட்டைத்தான் பேசினாங்க, டாக்டர்களுக்குப் போதனா மருத்துவமனை மாதிரி டீச்சர்களுக்கு ஸ்கூல்கள் வேணும்னு. ப்ரொஃபஷனல் டெவலப்மென்ட் ஸ்கூல்னு பேர் வச்சு நிறைய இடத்துல நடத்தினாங்க. காசு நின்ன இடத்துல, பொறுப்பா இருந்த ஆள் மாறிப்போன இடத்துல அதுவும் படுத்துடுச்சு, அதையும் தெரிஞ்சுக்குங்க.

உங்களுக்கு நான் சொல்றது சின்னது. கைடு டீச்சரை ஹெச்.எம். ஒதுக்க விடாதீங்க, சீனியர்ங்கிறதுக்காக யாரையாச்சும் தள்ளி விடுவாங்க. விருப்பம் இருக்கிற டீச்சரைக் கேட்டு வாங்குங்க, ஒரு ஸ்கூல்ல ஒருத்தர் கிடைச்சாக்கூடப் போதும். அப்புறம் நீங்க மேல போற அன்னைக்கு அந்த டீச்சரோட ஒரு கிளாஸை நீங்க எடுங்க. ஆமா, நீங்கதான், எட்டாம் கிளாஸுக்கு. அவங்களும் ட்ரெயினியும் பின்னாடி உக்காந்து பாக்கட்டும். அடுத்த பீரியட் ட்ரெயினி நடத்தட்டும், நீங்க ரெண்டு பேரும் பாருங்க. ஜப்பான்ல டீச்சர்ஸ் காலங்காலமா இப்படித்தான் பண்றாங்க, நாலு பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டம் போட்டு, ஒருத்தர் நடத்தி, மத்தவங்க பசங்களைக் கவனிச்சு, அப்புறம் பாடத்தைப் பத்திப் பேசுவாங்க, ஆளைப் பத்தி இல்ல. சி.ஆர்.சி. (பக்கத்து ஸ்கூல்களுக்கான குறுவள மையம்) மீட்டிங்ல எல்லாரும் கூடுற சனிக்கிழமை ஒண்ணு கிடைச்சா அங்கயே இதை வைக்கலாம், மத்த ஸ்கூல் டீச்சர்ஸும் சேந்துப்பாங்க. நீங்க எட்டாம் கிளாஸ் முன்னாடி திணறுறதை அவங்க பாத்துட்டா, அதுக்கப்புறம் உங்க பேச்சுக்கு மரியாதையே வேற, கிண்டலாச் சொல்லல.

இன்டர்னல் மார்க்ல கைடு டீச்சரோட மதிப்பீட்டுக்கு உங்க காலேஜ் அளவுலயாச்சும் ஒரு பங்கு குடுங்க. வருஷக் கடைசியில அவங்களைக் காலேஜுக்குக் கூப்பிட்டு முதல் வருஷப் பசங்களுக்கு ஒரு நாள் பேச வைங்க, போக்குவரத்துச் செலவை மட்டும் அவங்க பர்ஸ்ல இருந்து எடுக்க வைக்காதீங்க.

கடைசியா காலண்டர். உங்க ஊர் உங்களுக்கே தெரியும், ஜூலை ஆகஸ்ட்ல பந்தலூர், தேவாலா பக்கம் மழை பிடிச்சா கலெக்டர் லீவு மேல லீவு விடுவாங்க. கீழ உக்காந்து 16 வாரத்துக்குத் தேதி போட்டா மேல நாலு வாரம் காணாமப் போயிடும், அப்புறம் ரெக்கார்டுல மட்டும் கிளாஸ் நடந்திருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அடி அக்டோபர் நவம்பர்ல, ரோட்டுல மண் சரியும். அதனால தாலுகாவுக்கு ஏத்த மாதிரி தேதியைத் தள்ளிப் போட முடியுமான்னு உங்க பிரின்சிபால்கிட்ட இப்பவே பேசிடுங்க. சொந்த ஊர் இல்லாத பொண்ணுங்களை அனுப்புறதா இருந்தா, தங்குற இடத்துல இருந்து ஸ்கூலுக்கு எந்த ரோடுன்னு ஹெச்.எம். கிட்ட கேட்டுட்டு அப்புறமா ரூமுக்கு அட்வான்ஸ் குடுங்க. சாயங்காலம் யானை இறங்குற ரோடு எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.